சுமைகூலி முக்கால் பணம்

எண்பத்தைந்து ரூபாய்க்கு ஒரு பொருள் வாங்கினேன். அதை வீட்டுக்குக் கொண்டுவர நூற்றெண்பது ரூபாய் கொடுத்தேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பாட்டி சொன்னபோது சிரித்தவன் நான். இப்போது பாட்டி இல்லை. சிரிப்பும் இல்லை.

விஷயத்தைச் சொல்கிறேன். என் அப்பாவுக்கு எழுபத்தேழு வயது. 1958-ல் 'நாடோடி மன்னன்' வந்தபோது மேலூரிலிருந்து தாய்மாமா கையைப் பிடித்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறி வந்து பார்த்தவர். படத்தைவிட அவர் அதிகம் பேசுவது அன்றைக்கு தியேட்டர் வாசலில் மாமா வாங்கிக் கொடுத்த பாட்டுப் புத்தகத்தைப் பற்றித்தான். இன்றைய பிள்ளைகளுக்குப் பாட்டுப் புத்தகம் என்றால் தெரியாது. சாணித்தாள் மாதிரி ஒரு காகிதம், கொஞ்சம் பக்கங்கள், முன்னால் கதைச் சுருக்கம், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று ஒரு வரி, பிறகு பாட்டுகள். அவ்வளவுதான். வீடு மாறும்போது அது எங்கேயோ தொலைந்துபோனது. அம்மாதான் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார் என்பது அப்பாவின் அசைக்க முடியாத நம்பிக்கை. அறுபது வருஷத்து வழக்கு.

2025 நவம்பரில், பழைய பொருள்களை செல்போனிலேயே ஏலம் விடும் குழு ஒன்றில் அந்தப் பாட்டுப் புத்தகம் வந்தது. தொடக்க விலை ஒரு ரூபாய். கீழே சின்னதாக 'போஸ்டேஜ் எக்ஸ்ட்ரா'. ராத்திரி ஒன்பதுக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு முடிகிற ஏலம். நாலு பேர் போட்டி. கடைசி நிமிஷத்தில் யாரோ எண்பது என்றார், நான் எண்பத்தைந்து என்றேன், முடிந்தது. எனக்கு ஜல்லிக்கட்டில் மாடு பிடித்த சந்தோஷம்.

மறுநாள் காலை செய்தி வந்தது. 'வாழ்த்துகள் சார். மொத்தம் 265. அனுப்பிடுங்க.'

போன் போட்டேன்.

"சார், புத்தகம் எண்பத்தஞ்சுதானே?"

"ஆமா சார். போஸ்டேஜ், பேக்கிங், ஹேண்ட்லிங் எல்லாம் சேர்த்து நூத்தியெண்பது."

"எவ்வளவுனு ஏலத்துல போடலையே?"

"எக்ஸ்ட்ரானு போட்டிருந்தமே சார். தொகைய ஜெயிச்சவங்களுக்கு மட்டும்தான் சொல்லுவோம்."

எப்படி இருக்கிறது பாருங்கள். கல்யாணம் முடிந்த பிறகு மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று சொல்வார்களாம்!

பணத்தை அனுப்பினேன். அப்பாவுக்காக. ஆறாம் நாள் கவர் வந்தது. பேக்கிங் என்றால் என்ன தெரியுமா? ஒரு பழுப்பு உறை. உள்ளே செய்தித்தாளில் சுற்றிய புத்தகம், நடுவில் மடிந்து. உறையின் மேல் ஸ்பீடு போஸ்ட் சீட்டு ஒட்டியிருந்தது. அதில் எடை, தொகை இரண்டும் அச்சாகியிருந்தன. எடை ஐம்பது கிராமுக்குள். 2025 அக்டோபர் 1-ம் தேதி முதல் அமலுக்கு வந்த கட்டணப்படி, ஐம்பது கிராம் வரைக்கும் வெளியூர் ஸ்பீடு போஸ்ட் 47 ரூபாய். பதினெட்டு சதவிகித ஜி.எஸ்.டி. சேர்த்தால் 55 ரூபாய் 46 காசு. உறை ஐந்து ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீதி நூற்றிருபது ரூபாய் எங்கே போனது?

நான் பி.காம். படித்தவன். பெரிய படிப்பில்லை, ஆனால் ஒரு கணக்கு எழுதத் தெரியும். அடுத்தவருக்காக நீங்கள் செலவு செய்து, அதைத் திரும்ப வாங்கினால், அந்தக் கணக்கு கடைசியில் பூஜ்யத்தில் முடிய வேண்டும். கொடுத்தது ஐம்பத்தைந்து, வாங்கியது ஐம்பத்தைந்து, நேர். அந்தக் கணக்கில் நூற்றிருபது ரூபாய் மிச்சம் நின்றால் அதற்குப் பெயர் தபால் செலவு இல்லை. லாபம். லாபம் சம்பாதிப்பது பாவமில்லை. அதைத் தபால்காரர் தலையில் கட்டுவதுதான் அயோக்கியத்தனம்.

இரண்டாம் வருஷம் எங்களுக்கு மெர்க்கண்டைல் லா ஒரு பாடம். என்.டி.கபூர் எழுதிய தலையணை சைஸ் புத்தகத்தைத் தலையணையாகத்தான் பயன்படுத்தினேன் என்றாலும், சில விஷயங்கள் மண்டைக்குள் ஒட்டிக்கொண்டன. 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் இன்றைக்கும் அமலில் இருக்கிறது. அதன் 36-வது பிரிவின் கடைசி உட்பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? சரக்கை ஒப்படைக்கத் தக்க நிலைக்குக் கொண்டுவருகிற செலவு, வேறு மாதிரி பேசிக்கொள்ளாத பட்சத்தில், விற்பவருடையது. அதாவது அட்டைப்பெட்டி, டேப், நூல் எல்லாம் அவர் பாடு. தபால் தனி என்று எழுதியிருந்தால் தபாலைக் கேளுங்கள். 'ஹேண்ட்லிங்' என்று எங்கே பேசினோம்? கையால் எடுத்துக் கொடுக்காமல், பிறகு எதனால் எடுத்துக் கொடுப்பார்கள்?

அதே சட்டத்தின் 64-வது பிரிவு ஏலத்தைப் பற்றியது. சுத்தி விழுந்ததும் விற்பனை முடிந்தது. முடிந்த விற்பனையில் மறுநாள் காலை புதுசாக ஒரு தொகையைச் சொருக முடியாது. 'எக்ஸ்ட்ரா' என்று மட்டும் எழுதிவிட்டு அளவைச் சொல்லாவிட்டால்? விலையே பேசாமல் விற்ற சரக்குக்குக்கூட நியாயமான விலைதான் தர வேண்டும் என்கிறது 9-வது பிரிவு. விலைக்கே அந்த கதி என்றால் தபாலுக்கு?

இதையெல்லாம் விற்றவரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், நீங்க வக்கீலா?" என்றார். அன்று மாலையே என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். 'ஏலத்தில் எடுத்துவிட்டுத் தகராறு செய்பவர்' என்று ஒரு அறிவிப்பு வேறு. பெயருடன். ரசீது கேட்டவன் தகராறுக்காரன்!

*

எங்கள் ஊரில் வியாபாரம் தெரியாதவர்கள் யாரும் இல்லை. கீழமாசி வீதியில் போய் ஒரு மூட்டை பருப்பு விலை பேசிப் பாருங்கள். விலைக்கு அடுத்த கேள்வி, 'வாடகை யாருக்கு?' என்பதுதான். லாரி வாடகை வாங்குபவருக்கா, விற்பவருக்கா, ஏற்றுக்கூலி யாருக்கு, இறக்குக்கூலி யாருக்கு, சாக்கு எடை கழிவா இல்லையா, எல்லாம் பேசி முடித்த பிறகுதான் சரக்கு நகரும். லாரி ஷெட்டில் ரசீது போடும்போதே 'பெய்டு' அல்லது 'டு பே' என்று எழுதிவிடுவார்கள். லட்ச ரூபாய் சரக்கு ஒரு வார்த்தை தகராறு இல்லாமல் கைமாறும். அங்கே ஏமாற்று இல்லையா? உண்டு. நிறைய உண்டு. ஆனால் வாடகையை மறைத்து வைத்து ஏமாற்றுகிற சாமர்த்தியம் அந்த வீதியில் செல்லாது. அடுத்த வாரம் அதே ஆள் அதே கடைக்கு வருவான்.

இன்னொன்று. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ம் தேதி திறக்கப்பட்டது எங்கள் அண்ணா நகரில். அங்கே போனால் அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். கத்தரிக்காய் என்ன விலை என்று பையை நீட்டும் முன்பே தெரியும். கத்தரிக்காய்க்குக் கிடைத்த மரியாதை பாட்டுப் புத்தகத்துக்கு ஏன் இல்லை?

இந்த வித்தை நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு என்று பெருமைப்படவும் வழியில்லை. அமெரிக்காவில் 1995-ல் ஆரம்பித்த ஈபே தளத்தில் இது பழைய ஆட்டம். அங்கே விற்பவரிடம் தளம் வாங்கும் கமிஷன், பொருள் விற்ற விலையில் மட்டும்தான் கணக்கிடப்பட்டது. தபாலுக்குக் கமிஷன் கிடையாது. விடுவார்களா? பொருளுக்கு ஒரு சென்ட், தபாலுக்குப் பத்து டாலர் என்று போட ஆரம்பித்தார்கள். வாங்குபவருக்கு மலிவு மாதிரி தெரியும், தளத்துக்குக் கமிஷனும் தர வேண்டாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கடைசியில் 2011-ல் தபால் தொகைக்கும் சேர்த்தே கமிஷன் என்று அந்தத் தளம் அமெரிக்காவில் விதியை மாற்றியது. யோக்கியத்தால் இல்லை, தன் பங்கு போகிறதே என்று. எந்தக் காரணமானாலும், ஓட்டை அடைபட்டது.

நம்ம நாட்டில் 2000-ல் பாஸி என்று ஒரு ஏலத் தளம் வந்தது. 2004-ல் அதை ஈபே வாங்கியது. பழைய நாணயமும் தபால்தலையும் சேர்க்கிற நம்மூர் ஆட்கள் பலருக்கு இணையத்தில் ஏலம் கேட்கும் பழக்கம் அங்கேதான் வந்தது. வாங்குபவர் கொடுத்த பணத்தை, சரக்கு கைக்குப் போய்ச் சேரும்வரை தளமே பிடித்து வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது. 2017-ல் ஃபிளிப்கார்ட் கைக்குப் போய், 2018 ஆகஸ்டில் கடையை மூடிவிட்டார்கள். ஏலம் கேட்கிறவர்கள் எங்கே போவார்கள்? செல்போன் குழுக்களுக்குத்தான். அங்கே பிடித்து வைக்கவும் ஆள் இல்லை, பஞ்சாயத்து பண்ணவும் ஆள் இல்லை. குழு நடத்துபவரே விற்பவர், அவரே நாட்டாமை. தீர்ப்பு எப்படி இருக்கும்?

சரி, ஏன் நாம் விழுகிறோம்? நீங்களும் நானும் கணக்குத் தெரியாதவர்களா? தன்ஜிம் ஹொசைன், ஜான் மார்கன் என்று இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஈபேயில் இசைத்தட்டுகளையும் வீடியோ கேம்களையும் தாங்களே ஏலம் விட்டார்கள். ஒரே சரக்கு, இரண்டு விதமாக. ஒரு தடவை தொடக்க விலை நாலு டாலர், தபால் இலவசம். இன்னொரு தடவை தொடக்க விலை ஒரு சென்ட், தபால் மூன்று டாலர் தொண்ணூற்றொன்பது சென்ட். கூட்டினால் இரண்டும் ஒன்றுதான், மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். ஆனால் இரண்டாவது விதத்தில்தான் ஆள் அதிகம் வந்தார்கள், மொத்தத்தில் பணமும் அதிகம் கிடைத்தது. 2006-ல் வெளியிட்டார்கள். அந்தப் பரிசோதனையில் தபால் தொகை முன்கூட்டியே கண்ணுக்கு முன்னால் இருந்தது என்பதைக் கவனியுங்கள். தெரிந்தே விழுகிறவர்களிடம் தெரியாமலும் வைத்தால்?

ஒரு ரூபாய் என்ற தொடக்க விலை என்னை உள்ளே இழுத்தது. 181 ரூபாயில் ஆரம்பம் என்று நேர்மையாகப் போட்டிருந்தால் நான் எட்டிப் பார்த்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

*

இப்போது எதிர்த்தரப்பு. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் பழைய புத்தகம் விற்கிறார். கடை இல்லை. வீட்டு மாடியில் பதினைந்து அலமாரி. ஓசூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கேட்பார்கள், அனுப்புவார். புத்தகத்துக்கு என்றே அஞ்சல் துறையில் பதிவு புத்தகத் தபால் என்று ஒரு சலுகை இருந்தது. இரண்டு கிலோ புத்தகம் 45 ரூபாயில் இந்தியாவின் எந்த மூலைக்கும் போகும். ஐந்து கிலோவுக்கு 80 ரூபாய். 2024 டிசம்பரில் ஒரு நாள் காலை அண்ணாச்சி நாலு கட்டுகளோடு தபால் ஆபீஸ் போனார். 'அது இனிமே இல்லைங்க, சிஸ்டத்துலயே எடுத்துட்டாங்க' என்றார் கவுன்டரில் இருந்த அம்மா. பார்சலில்தான் போட வேண்டும். இரண்டு கிலோவுக்கு 116 ரூபாய். ஏற்கெனவே பழைய கட்டணம் சொல்லிப் பணம் வாங்கியாயிற்று. கைக்காசு போட்டு அனுப்பினார்.

அடுத்த வாரத்திலிருந்து புதுக் கட்டணம் சொன்னார். என்ன நடந்தது தெரியுமா? 'போன மாசம் நாற்பத்தஞ்சு, இந்த மாசம் நூத்திப்பதினாறா? போஸ்டேஜ்ல சம்பாதிக்கிறீங்களா அண்ணாச்சி?' என்று கேட்டார்கள். ஆறு வருஷமாக வாங்குகிறவர்கள். "அந்த வார்த்தைதான்டா தம்பி சுருக்குனு இருந்துச்சு" என்றார். பிறகு 2025 மே 1-ல் 'ஞான் போஸ்ட்' என்று ஒன்று வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோ 100 ரூபாய், வரி தனி. பழையதைவிடக் கூடுதல், ஆனாலும் மூச்சு விடலாம். நடுவில் போன நாலரை மாதத்துக்கு யார் பதில் சொல்வது? புத்தகம் படிக்கிறவன் ஓட்டுப் போடுகிற எண்ணிக்கையில் இல்லை என்ற தைரியமா? முன்னறிவிப்பு கொடுத்தால் குறைந்தா போய்விடுவார்கள்?

அண்ணாச்சியின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டை அனுப்பியதும் தபால் ரசீதைப் படம் எடுத்து வாங்கியவருக்கு அனுப்புவார். வாங்கிய தபால் பணத்தில் ஏழு ரூபாய் மிஞ்சினால் அந்த ஏழு ரூபாயைத் திருப்பி அனுப்புவார். "ஏழு ரூவாய்க்கு எதுக்குண்ணே இம்புட்டு மெனக்கெடணும்?" என்று கேட்டேன். "ஏழு ரூவா எனக்கு எதுக்குடா?" என்றார். பேக்கிங்குக்கு அவர் எதுவும் வாங்குவதில்லை. அட்டைப்பெட்டி மளிகைக் கடையிலிருந்து வருகிறது. உழைப்புக்கான காசை எங்கே வைக்கிறார்? புத்தக விலையில். அதை எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதி வைக்கிறார். பிடித்தால் வாங்கு.

இவரை மாதிரி ஆளைத்தான் அந்த நூற்றெண்பது ரூபாய்க்காரர் தினமும் குத்துகிறார். ஒரு ரூபாய்த் தொடக்க விலைக்குப் பக்கத்தில் அண்ணாச்சியின் நேர்மையான நூற்றைம்பது ரூபாய் கொள்ளை மாதிரி தெரிகிறது. போதாக்குறைக்கு, அங்கே சூடுபட்டவர் இங்கே வந்து சந்தேகப்படுகிறார். எனக்கு நூற்றிருபது ரூபாய் நஷ்டம். அவருக்கு ஆறு வருஷத்து வாடிக்கை.

வாங்குகிறவர்களையும் சும்மா விட மாட்டேன். ஏலத்தில் ஜெயித்த பிறகு 'தபாலை நீங்களே போட்டுக்குங்க' என்று பேரம் பேசுகிறவர் இருக்கிறார். சாதாரணத் தபாலில் போதும் என்று மிச்சம் பிடித்துவிட்டு, தொலைந்ததும் பணத்தைத் திருப்பிக் கேட்கிறவர் இருக்கிறார். 'ஃப்ரீ டெலிவரி' என்ற இரண்டு வார்த்தைகள் நம் மூளையைக் கெடுத்து வைத்திருக்கின்றன. டெலிவரி எங்கேயும் ஃப்ரீ இல்லை. பெரிய கம்பெனி அதை விலையில் கரைக்கிறது. மாடி வீட்டு அண்ணாச்சி கரைக்க முடியாமல் தனியாகச் சொல்கிறார். சொல்கிறவர்தான் நமக்குக் கண்ணில் குத்துகிறார்.

ஆனால் 'ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு' என்று தராசைச் சமமாக வைத்துவிட்டு நழுவ நான் தயாராக இல்லை. தபால் எவ்வளவு என்று தெரிந்தவர் விற்பவர். தராசு அவர் கையில், கட்டண அட்டவணை அவர் கையில். ஐம்பது கிராம் புத்தகத்துக்கு மதுரைக்கு எவ்வளவு ஆகும் என்று ஏலம் தொடங்கும் முன்பே அவருக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லாதது மறதியில்லை.

சட்டமும் இந்த விஷயத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், இணையச் சந்தையில் விற்பவர் மொத்த விலையை ஒரே எண்ணாகக் காட்ட வேண்டும், அதன் உடைப்பில் டெலிவரி, தபால், கையாளும் கட்டணம், வரி எல்லாவற்றையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்கின்றன. 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பதின்மூன்று வகை இணைய ஏமாற்றுகளைப் பட்டியல் போட்டது. அதில் ஒன்று, விலையைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடுவது. முதலில் ஒரு தொகையைக் காட்டி, பணம் கட்டும்போது இன்னொரு தொகையை நீட்டுவது. என் பாட்டுப் புத்தகத்தின் கதை அப்படியே அதில் இருக்கிறது.

'நாங்க கம்பெனி இல்ல சார், பொழுதுபோக்கு' என்று சொல்வார்கள். வீட்டில் கிடந்த தையல் மெஷினை ஒரே ஒரு தடவை விற்கிறவருக்கு அந்த 2020 விதிகள் பொருந்தாது, உண்மை. தனி ஆள் சொந்த முறையில் செய்வதை விதியே விலக்கியிருக்கிறது. ஆனால் தொழிலாக, தொடர்ச்சியாகச் செய்தால் விலக்கு இல்லை. வாரத்துக்கு மூன்று ராத்திரி, ராத்திரிக்கு நாற்பது சரக்கு ஏலம் விடுவது எந்த ஊர் பொழுதுபோக்கு?

அதனால், அடுத்த முறை ஏலத்தில் கை தூக்கும் முன்பு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'எங்க ஊருக்கு அனுப்ப எவ்வளவு?' எல்லோரும் பார்க்கிற இடத்தில் கேளுங்கள், தனியாகக் கேட்காதீர்கள். பதில் வராவிட்டால் கேட்காதீர்கள், ஏலத்தையும். உடைந்த சரக்கோ வேறு சரக்கோ வந்தால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் சுமைகூலி இரண்டு தடவை. உறையைத் தூக்கி எறியாதீர்கள், அதில் ஒட்டிய சீட்டுதான் உங்கள் சாட்சி. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், 2019 சட்டம் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. நூற்றிருபது ரூபாய்க்கா கேஸ் என்று வீட்டில் திட்டுவார்கள். என் வீட்டிலும் திட்டினார்கள்.

நான் கேஸ் போடவில்லை. உறைச் சீட்டைப் படம் எடுத்து, மேலே சொன்ன பிரிவுகளை வரிசையாக எழுதி, பதினைந்து நாள் கெடு வைத்து விற்றவருக்கு ஒரு கடிதம் போட்டேன். பதிவுத் தபால் இப்போது தனியாக இல்லை, ஸ்பீடு போஸ்டிலேயே சேர்த்துவிட்டார்கள். ஆக எனக்கு இன்னொரு அறுபது ரூபாய் செலவு. பன்னிரண்டாம் நாள் என் கணக்கில் நூறு ரூபாய் வந்து விழுந்தது. கூடவே ஒரு செய்தி: 'செட்டில்டு. இனி நம்ம ஏலத்துக்கு வராதீங்க சார்.' நூறில் அறுபது போனால் மிச்சம் நாற்பது. லாப நஷ்டக் கணக்கை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

பாட்டுப் புத்தகத்தை அப்பாவிடம் கொடுத்தேன். மடிந்த இடத்தைக் கட்டைவிரலால் நீவி நீவி நேராக்கினார். அட்டையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா, "நான் பேப்பர்காரன்ட்ட போட்டது இது இல்ல" என்றார்.

"எவ்வளவுப்பா ஆச்சு?" என்று கேட்டார் அப்பா.

"எண்பத்தஞ்சு" என்றேன்.

"எண்பத்தஞ்சா! அநியாயமா இருக்கே" என்றார்.

தபாலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.